கம்சாயினிக்கு வாங்கிய கார்

மனைவியின் நாற்பதாவது பிறந்தநாளுக்கு மகேசன் ஒரு கார் வாங்கிக் கொடுத்தான். இதைக் கேட்டவுடனே, ஆகா, புருஷன் என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும் என்று உருகிவிடாதீர்கள். அந்த வருடம் கம்சாயினி கேட்டது பாத்திரம் கழுவும் மெஷின். வாசலில் வந்து நின்றதோ 1991இல் ஜப்பானில் செய்த நிஸான் ஃபிகாரோ. துணிக்கூரையைச் சுருட்டித் திறக்கலாம். வட்டமாய் இரண்டு கண். மூக்கில் சிவப்பு ரிப்பன் வேறு.

“எனக்கு வாங்கினனீங்களோ, என்னைச் சாட்டி உங்களுக்கு வாங்கினனீங்களோ?” என்று அவள் அன்றைக்கே கேட்டாள்.

“சீ, என்ன கதை இது? உமக்குத்தான்!” என்று மகேசன் ரிப்பனை அவிழ்த்தான். அவிழ்த்த கையோடு சாவியைத் தன் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அது நடந்து ஆறு வருடம். இந்த ஆறு வருடத்தில் கம்சாயினி அந்தக் காரின் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. கேட்காமல் இல்லை, கேட்டாள். கேட்ட நேரமெல்லாம் மகேசனிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. இன்றைக்கு மழை, துணிக்கூரை நனையும். இன்றைக்கு வெயில், பெயின்ட் மங்கும். மழையும் இல்லை வெயிலும் இல்லையென்றால், “பழைய எஞ்சின், உமக்கு அதின்ரை குணம் தெரியாது.” கட்டிய மனைவியின் குணம் தெரியாதவன் எஞ்சினின் குணத்தைப் பற்றிப் பேசினான். அவளும் கடைசியில் கேட்பதை விட்டுவிட்டாள்.

ஆக்லாந்தில், மனுரேவாவில் அவர்கள் இருந்த வீட்டுக்கு ஒரே ஒரு கராஜ். அதற்குள் ஃபிகாரோ போர்வை போர்த்திக்கொண்டு சுகமாய்ப் படுத்திருக்கும். கம்சாயினி ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு ஓடுகிற வெள்ளைக் கார் வெளியில் நிற்கும். ஆக்லாந்து வானத்தைப் பற்றித்தான் தெரியுமே, காலையில் சிரிக்கும், பத்து மணிக்கு அழும், மத்தியானம் திரும்பச் சிரிக்கும், நேர்ஸ் வேலை முடிந்து நீங்கள் வீட்டுக்கு வருகிற நேரம் பார்த்து ஒப்பாரி வைக்கும். அவள் கார்க் கதவுக்கும் வீட்டுக் கதவுக்கும் இடையில் நனைந்து ஓடிவரும்போது கராஜுக்குள்ளிருந்து ரேடியோச் சத்தம் கேட்கும். மகேசன் உள்ளே இருந்து மெழுகு போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பான். அவன் வேலைக்குப் போவது ரயிலில். ஃபிகாரோ வேலைக்குப் போகிற கார் இல்லையாம்.

வீட்டுக்கு வருகிறவர்களும் தப்ப முடியாது. தேத்தண்ணி ஆறுவதற்குள் கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். ஒரு வருடம் மட்டும் செய்தது, வாங்க வந்த கூட்டம் தாங்காமல் குலுக்கல் போட்டு விற்றது, நாலு பருவத்துக்கு நாலு நிறம், இது கோடையின் நிறம் என்று தொடங்கினால் தேவாரம் மாதிரிப் பதிகம் முடியாமல் நிறுத்தமாட்டான். மகன் வெலிங்டனுக்குப் படிக்கப் போனதே இதிலிருந்து தப்பத்தான் என்று கம்சாயினி சொல்லுவாள்.

போன குளிர்காலத்தில் ஒருநாள் பானை நிரம்பி வழிந்தது. நல்ல காற்று மழை. கம்சாயினியின் குடை மறுபக்கம் மடிந்து, கையிலிருந்த கடைப் பை கிழிந்து, முட்டையெல்லாம் வாசல் சீமெந்தில் உடைந்து ஓடியது. அவள் நேரே கராஜுக்குள் போனாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று, ஆத்திரமே இல்லாத குரலில், “என்ரை பிறந்தநாள் காரை வித்துப்போடுங்கோ” என்றாள்.

கத்தியிருந்தால் மகேசன் பயந்திருக்கமாட்டான். கத்தாததுதான் பயமுறுத்தியது. அவனுக்கு அந்தக் கார் போனால் மூச்சுப் போன மாதிரி. கெஞ்சினான், தாடையைத் தடவினான், சாப்பிடாமல் கூடப் படுத்துப் பார்த்தான். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியாக ஒரு வரம் கேட்டான்.

“ஒருக்கா ஜப்பானுக்குப் போய், இதே கார் வைச்சிருக்கிற ஆக்களைச் சந்திச்சுக் கதைச்சுப்போட்டு வாறன். வந்த உடனை விக்கிறன். சத்தியம்.”

“நானும் வருவன்.”

“ஓம் ஓம், வாருமன்!” என்றான். அந்த ‘ஓம்’ கொஞ்சம் வேகமாகத்தான் வந்துவிட்டது. ஜப்பான்காரர் இந்தக் காரைக் கொண்டாடுவதைக் கண்டால் இவளுடைய மனசு இளகும், விற்கிற கதையும் அதோடு முடியும் என்பது அவனுடைய கணக்கு. கம்சாயினி என்ன லேசுப்பட்டவளா? அடுத்த வெள்ளிக்கிழமை கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பிள்ளையாருக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் பண்ண வைத்தாள். கை சுட்டதைவிட மனசு அதிகம் சுட்டது.

இனி ஜப்பானில் ஆட்களைப் பிடிக்கவேண்டும். ஃபேஸ்புக்கில் ஜப்பானிய ஃபிகாரோக்காரர்களின் குழு ஒன்று இருந்தது. ‘நான் ஆக்லாந்தில் இருக்கும் ஒரு கார்ப் பிரியன், உங்களைச் சந்திக்க ஆசை’ என்று மகேசன் எழுதிப் போட்டான். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. கிளென்ஃபீல்டில் நவின் என்று மலேசியாவிலிருந்து வந்த இளைஞன் ஒருவன் இருந்தான். அவனும் இதே பைத்தியம்தான், மகேசனுக்கு ஒரே ஆலோசகன்.

“அண்ணே, ஒங்க மொகமும் காடியும் யாருக்கு லா வேணும்?” என்றான் நவின். காடி என்றால் அவனுடைய ஊர்ப் பேச்சில் கார். “ஆம்பளைங்க எல்லாம் இதே கதைதான் போடுறானுங்க. அக்கா கதையைப் போடுங்க. பர்த்டே காடி! படிச்சிட்டு அழுதுருவானுங்க லா.”

மகேசன் போட்டான். சும்மா போடவில்லை, கற்பனைக் குதிரையை அவிழ்த்துவிட்டுப் போட்டான். மனைவிக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்த கார் இது. அவளுக்கு இது உயிர். ஞாயிறு தோறும் மரேதாய்க் கடற்கரையோரமாகத் தனியே ஓட்டிக்கொண்டு போவாள். போகும்போது காருக்குப் பாட்டுப் பாடுவாள். என்னைத் தொடக்கூட விடமாட்டாள், எனக்குக் கழுவுகிற உரிமை மட்டும்தான். இப்படிப் போட்டுவிட்டு, இதையெல்லாம் அவள் எங்கே படிக்கப்போகிறாள் என்று நிம்மதியாகப் படுத்தான். பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடும் என்ற நினைப்பு.

விடியும்போது ஜப்பான் முழுக்க அவனை அழைத்திருந்தது.

சித்திரையில் போனார்கள். நகோயாவில் வாடகைக் கார் எடுத்தார்கள். தூர வழியில் அவள் ஓட்டினால் தான் தூங்கலாம் என்று யோசித்து, சர்வதேச லைசென்ஸை மகேசன் இரண்டு பேருக்கும் எடுத்து வைத்திருந்தான். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதைத்தான்.

முதல் சந்திப்பு ஹமமாத்ஸுவுக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றின் கார்த் தரிப்பிடத்தில். ஞாயிற்றுக்கிழமைக் காலை. பச்சை, நீலம், பழுப்பு, சாம்பல் என்று நாலு பருவமும் ஃபிகாரோவாக வரிசையில் நின்றன. மகேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நாளும் தனிக்கட்டையாய்ப் பைத்தியம் பிடித்துத் திரிந்தவனுக்கு, இதோ ஒரு ஊரே பைத்தியமாக நிற்கிறது என்றால் சும்மாவா? இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினான்.

அவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் குனிந்து வணங்கினார்கள். வணக்கம் மகேசனைத் தாண்டிப் பின்னால் போயிற்று. பின்னால் கம்சாயினி, கைப்பையைத் தோளில் போட்டபடி, கொட்டாவி விட்டுக்கொண்டு வந்தாள்.

குழுவின் தலைவர் மொரிதா, எழுபது வயதுப் பல் வைத்தியர். அவர் தன் போனை எடுத்து ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னார். போன் அதை அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்து, ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னது: “காரின் சொந்தக்காரியே, உங்களுக்காகக் காத்திருந்தோம். ஞாயிறு தோறும் கடலோரம் தனியே ஓட்டிப் போவீர்களாமே. காருக்குப் பாடுவீர்களாமே. படித்து என் மனைவி அழுதுவிட்டாள். இவர்தான் கழுவுகிறவரா?”

கம்சாயினி மெதுவாகத் திரும்பி மகேசனைப் பார்த்தாள். ஊசி போடுவதற்கு முன்னால் நேர்ஸ்மார் கையில் நரம்பு தேடுவார்களே, அந்தப் பார்வை. இந்த இடத்தில் அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், முதல் ஊரிலேயே மானம் கப்பலேறும், மற்ற ஊர்க் கதவெல்லாம் மூடிவிடும்.

அவள் மொரிதாவின் போனை வாங்கினாள். வாய்க்குக் கிட்டப் பிடித்தாள். “ஓம், இவர்தான் கழுவுறவர்,” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனால் மூலை முடுக்கெல்லாம் சரியாகத் தேய்க்கமாட்டார்,” என்றும் சேர்த்தாள்.

தரிப்பிடமே சிரித்தது. மொரிதா தன் காரிலிருந்து கார் துடைக்கிற புது மான்தோல் துணி ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, குனிந்து மகேசனிடம் கொடுத்தார். அப்புறம் தன் காரின் சாவியை அதே மரியாதையோடு கம்சாயினியிடம் நீட்டினார். விருந்தாளி வந்தால் முதலில் காரை ஓட்டக் கொடுப்பது அங்கே வழக்கமாம்.

“அவ ஓடமாட்டா…” என்று மகேசன் குறுக்கே விழுந்தான்.

“ஏன் ஓடமாட்டன்?” என்றாள் கம்சாயினி. “கடற்கரையால தனிய ஓடித் திரியிற ஆளெல்லோ நான்?”

திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய்விட்டுக் கத்த முடியுமா? மகேசன் வாயை மூடிக்கொண்டு ஏறினான். முன்னால் அவள் பக்கத்தில் மொரிதா உட்கார்ந்துவிட்டதால் அவனுக்குப் பின் சீட். ஃபிகாரோவின் பின் சீட்டில் மனிதர் உட்காரலாம், கால்களை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வந்தால். முழங்கால் இரண்டும் காதைத் தொட, மான்தோல் துணியை மார்போடு அணைத்துக்கொண்டு அவன் ஹமனா ஏரியைச் சுற்றி வந்தான்.

முன்னால் வேறொரு கூத்து நடந்தது. தொடக்கத்தில் கம்சாயினி ஆஸ்பத்திரிக் கட்டில் தள்ளுவதுபோல் பயந்து பயந்துதான் ஓட்டினாள். பாலம் வந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர். கூரை திறந்திருந்தது. காற்று அவளுடைய கொண்டையை அவிழ்த்துவிட்டது. அவள் ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள், மகேசனுக்கு அது யாருடைய சிரிப்பென்று சட்டென்று பிடிபடவில்லை. கலியாணமான புதிதில் கேட்டது. இவ்வளவு நாளும் எங்கே வைத்திருந்தாள் என்று நினைத்தான். நினைத்த கையோடு, ஐயோ, கிளட்ச் இல்லாத காரென்று மறந்து இடது காலால் மிதிக்கிறாளோ என்று எட்டியும் பார்த்தான். திருந்துகிற ஆளா அவன்?

வாடகைக் காரில் திரும்பிப் போகும்போது விசாரணை தொடங்கியது.

“இஞ்சருங்கோ.”

“ம்.”

“காருக்கு நான் பாடுற பாட்டு என்ன பாட்டு எண்டு சொன்னீங்களெண்டால் பாடமாக்கி வைக்கலாம். அடுத்த ஊரில பாடச் சொல்லிக் கேப்பினம்.”

மகேசன் வெளியே வயலைப் பார்த்தான்.

“நானும் வாறன் எண்ட உடனை ‘ஓம் ஓம்’ எண்டு தலையாட்டினியள். அப்பவே நினைச்சனான், சோழியன் குடுமி சும்மா ஆடாது எண்டு. இவையளுக்கு உள்ளதைச் சொல்லட்டோ?”

“ஐயோ கம்சா, என்ரை மானம் போகும். உம்மைக் கும்பிடுறன்.”

“அப்ப வாயை மூடிக்கொண்டு கழுவுங்கோ.”

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ராஜ பவனி. முதல் ஊர்ச் செய்தி குழுவில் பரவிவிட்டது. கனஸாவாவில் யோஷிமி என்று முடி வெட்டும் கடை வைத்திருந்த பெண், குளிர்காலச் சாம்பல் நிறக் காரோடு வந்தாள். அந்த நிறத்தை மலைப்பாதையில் ஓட்டவேண்டும் என்பது மகேசனின் பத்து வருடக் கனவு. யோஷிமி சாவியைக் கம்சாயினியிடம் கொடுத்தாள், மகேசனிடம் மெழுகு டப்பா ஒன்றைக் கொடுத்தாள். கனவு முன்னால் போக, கண்டவன் பின் சீட்டில் மடிந்து போனான். ஒனோமிச்சியில் முன்னாள் பஸ் டிரைவர் ஒருவரும் மனைவியும். கம்சாயினிக்கு இனிப்புப் பெட்டி, சின்னப் பொம்மைக் கார், காரின் படம் அச்சடித்த விசிட்டிங் கார்டு. மகேசனுக்குச் சக்கரம் தேய்க்கிற பிரஷ். “இவர் பின் சக்கரத்தைத்தான் ஏமாத்துவார்,” என்று அவள் போனில் சொல்ல, பஸ் டிரைவர் மகேசனை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய், முழங்காலில் இருத்தி, பொறுமையாகச் செய்து காட்டினார். மகேசன் தலையாட்டிப் படித்தான். கார் கழுவுவதில் கரைகண்டவன் அவன், அவனுக்கு வந்த கதியைப் பாருங்கள்.

அவனை உண்மையில் பயப்படுத்தியது வேறொன்று. கம்சாயினி கேள்வி கேட்கத் தொடங்கியிருந்தாள். கூரையை எந்தப் பக்கத்திலிருந்து சுருட்டுவது, ஓரத்து ரப்பருக்கு என்ன பூசுவது, குளிரில் எஞ்சினை எவ்வளவு நேரம் சூடாக்குவது. நோயாளியின் வியாதியைக் கேட்டு மனசில் வைத்துக்கொள்கிற மாதிரி ஒவ்வொன்றையும் வைத்துக்கொண்டாள். மலையில் ஏறும்போது, “இப்ப இது கஷ்டப்படுது, கொஞ்சம் விட்டுப் பிடிப்பம்,” என்று தனக்குத்தானே சொன்னாள். அவன் சொல்லிக்கொடுக்காத ஒன்றை அவள் தானாகக் கண்டுபிடித்துவிட்டாள். பெருமையாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

ஆனாலும் ஒரு நம்பிக்கை பிறந்தது. இவ்வளவு ரசித்தவள் இனி விற்கச் சொல்வாளா? திரும்பி வரும்போது விமானத்தில், சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனதும், நைசாகக் கேட்டான்.

“இனி அதை விக்கத் தேவையில்லைத்தானே, என்ன?”

“கற்பூரம் அணைச்சது ஆர்? நானோ?” என்று கேட்டுவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

சரி, பிள்ளையாரோடு விளையாட முடியாது. வீட்டுக்கு வந்து மகேசன் விளம்பரம் போட்டான். எப்படிப் போட்டான் தெரியுமா? குப்பைத் தொட்டிக்குப் பின்னால் காரை நிறுத்தி, மூக்கு மட்டும் தெரிகிற மாதிரி, மப்பு வெளிச்சத்தில் ஒரு படம். ‘பழைய கார்’ என்று இரண்டு சொல். எந்தக் குருடன் வருவான் என்று பார்ப்போம் என்றிருந்தான்.

குருடன் வரவில்லை, கழுகுக் கண்ணன் வந்தான். பக்குரங்காவிலிருந்து ராம்பிரசாத், கோயம்புத்தூர்ப் பையன், கம்ப்யூட்டர் வேலை. “சார், அந்தக் குப்பைத் தொட்டிக்குப் பின்னாடி நிக்கிறது ஃபிகாரோதானே? ரெண்டு வருஷமா தேடிட்டிருக்கேன் சார்! சனிக்கிழமை காலைல வந்துடறேன்!” என்று போனிலேயே குதித்தான்.

மகேசனுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. கடைசியில் குறுக்குவழி ஒன்று பிடித்தான். சத்தியம் பண்ணியது என்ன? விற்கிறேன் என்று. சரி, விற்கத்தான் போகிறான். வாங்க வந்தவன் கேட்டுவிட்டுத் தலைதெறிக்க ஓடினால் அதற்கு மகேசன் என்ன செய்வான்? பிள்ளையாரே கோபிக்கமாட்டார்.

சனிக்கிழமை ராம்பிரசாத் வந்தான். ஃபிகாரோவைக் கண்டதும் சப்பாத்தைக் கழற்றுவதா வேண்டாமா என்று தடுமாறி நின்றான். மகேசனுக்கு அவனைப் பிடித்தே போயிற்று. பிடித்து என்ன செய்ய? கம்சாயினி குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னல் திறந்திருந்ததை மகேசன் கவனிக்கவில்லை.

“தம்பி, படிச்ச பிள்ளை, உமக்கு நான் பொய் சொல்லக் கூடாது,” என்று குரலைத் தாழ்த்தித் தொடங்கினான். பொய் சொல்லப் போகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் தொடங்குவார்கள். “மழை பெய்தா உள்ளுக்க குடை பிடிக்கோணும்.”

“அப்படியா சார்?”

“ஏத்தம் கண்டா நிண்டிடும். இறங்கித் தள்ளோணும். உங்கடை பக்குரங்கா ரோட்டில நிண்டுதெண்டால் ஊரே ஹோர்ன் அடிக்கும்.”

ராம்பிரசாத்தின் முகம் மெல்ல மெல்லத் தொங்கியது. மகேசன் மனசுக்குள் காரிடம் மன்னிப்புக் கேட்டபடியே மேலே போனான். சத்தம் கராஜைப் பெயர்க்கும் என்றான். ஒரு ஆணி தேவையென்றாலும் ஜப்பானுக்குத்தான் ஓடவேண்டும் என்றான். இத்தோடு நிறுத்தியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். நுணல் எங்கே நிறுத்துகிறது? பையன் இன்னும் காரின் வளைவைக் கையால் தடவிக்கொண்டு நிற்பதைக் கண்டு, கடைசி ஆணியையும் அடித்தான்.

“உண்மையைச் சொன்னா, தம்பி, இது செத்த கார். மூஞ்சையைப் பாரும், தவக்களை மாதிரி. இதை வைச்சிருக்கிறவனுக்கு விசர் எண்டுதான் சொல்லுவன்.”

“என்ன சொன்னனீங்கள்?”

கம்சாயினி வாசலில் நின்றாள். கையில் தேத்தண்ணிக் கரண்டி. முட்டை உடைந்த அன்றைக்கு இல்லாத கோபம் இன்றைக்கு முகத்தில் இருந்தது.

“ஆர் தவக்களை? எது செத்த கார்?” என்று கேட்டுக்கொண்டே வந்து, புருஷனைத் தள்ளிவிட்டு, காரின் மூக்கில் கையை வைத்தாள். “தம்பி, இவர் சொல்லுறதை நம்பாதேங்கோ. ஓரத்து ரப்பருக்குப் பவுடர் போட்டு வைச்சா ஒரு துளி ஒழுகாது. மொரிதா ஐயா எனக்குக் காட்டித் தந்தவர். ஏத்தத்தில நிக்குமாம்! கனஸாவாவில மலை ஏத்தினனான் நான். அவசரப்படுத்தாமல் கேட்டா இது ஏறும். சத்தமோ? இது போடுறது சத்தமில்லை, கதை. கேக்கத் தெரியவேணும்.”

மகேசனுக்கு நெஞ்சு பொங்கியது. என் கம்சா! எப்படி வாதாடுகிறாள்! அப்போதுதான் ராம்பிரசாத்தின் முகத்தைப் பார்த்தான். தொங்கிய முகம் மலர்ந்துகொண்டிருந்தது. அவள் புகழப் புகழப் பையனின் கண் அகன்றது. ஐயையோ, இவள் காரைக் காப்பாற்றவில்லை, விற்றுக்கொண்டிருக்கிறாள்!

“மேடம், எனக்கு வண்டி ஓகே,” என்றான் ராம்பிரசாத். “இப்பவே எடுத்துக்கறேன்.”

“என்னத்தை எடுக்கிறியள்? நான் விக்கேல்லை.”

“சார்தானே விளம்பரம் போட்டாரு?”

“அவர் போடுவார். கார் என்ரை. இவர் கழுவுற ஆள். கழுவுற ஆள் காரை விக்கிறதை எங்கயாவது கேள்விப்பட்டிருக்கிறியளோ தம்பி?”

ராம்பிரசாத் மகேசனைப் பார்த்தான். மகேசன் வானத்தைப் பார்த்தான்.

“ஆனா… சத்தியம்?” என்று மகேசனே மெல்லக் கேட்டான். ஆளின் வாய் அப்படி.

“என்ரை சாமானை விக்கிறன் எண்டு நீங்கள் பண்ணின சத்தியம் பிள்ளையாரிட்டைச் செல்லுமோ? நான் பண்ணினால் பாப்பம்.”

தப்பியது! மகேசனுக்குக் கத்தவேண்டும்போல் இருந்தது. “கம்சா, எனக்குத் தெரியும், உமக்கும் இதில ஆசை வந்திட்டுது எண்டு,” என்று அவளுடைய தோளைப் பிடிக்கப் போனான். அவள் சாவிக்குக் கையை நீட்டினாள்.

“திறப்பு.”

“என்ன?”

“திறப்பைத் தாங்கோ. திங்கட்கிழமையிலயிருந்து நான் வேலைக்கு இதிலதான் போறன். மற்றக் காரை நீங்கள் ஓடுங்கோ. அது வெளியில நிண்டு பழகினது.”

“கம்சா, இது பழைய எஞ்சின், உமக்கு இதின்ரை…” என்று பழைய பதிகத்தைத் தொடங்கியவன் பாதியில் நின்றுவிட்டான். அவளுடைய கண் நிறைந்திருந்தது.

“ஆறு வருஷம்,” என்றாள். குரலில் இப்போது குறும்பு இல்லை. “என்ரை பிறந்தநாளுக்குத் தந்தது எண்டு ஊரெல்லாம் சொன்னனீங்கள். ஜப்பானுக்கும் சொன்னனீங்கள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்தத் திறப்பை என்ரை கையில தந்தனீங்களோ? அங்க ஆரெண்டே தெரியாத மனுசர், கண்ட உடனை ரெண்டு கையாலயும் தந்தவை. நான் அண்டைக்குச் சிரிச்சனான், பேந்து ஹோட்டல் பாத்ரூமில நிண்டு அழுதனான். உங்களுக்குத் தெரியாது.”

தெரியாதுதான். மகேசனுக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பையனுக்கு முன்னால் என்பதால் இல்லை. ஏரிப் பாலத்தில் அந்தச் சிரிப்பைக் கேட்டபோது, இவ்வளவு நாளும் எங்கே வைத்திருந்தாள் என்று நினைத்தானே, அதை வைத்திருந்தது யாரென்று இப்போது விளங்கியது. காற்சட்டைப் பைக்குள் கையை விட்டான். சாவியை எடுத்தான். எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் ஒரு கணம் நின்றுவிட்டு, இரண்டு கையாலும் பிடித்துக் கொடுத்தான்.

அவள் வாங்கினாள். வாங்கி, மூக்கை உறிஞ்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நேரே ராம்பிரசாத்தின் பக்கம் திரும்பினாள்.

“தம்பி, பக்குரங்காவிலயிருந்து இவ்வளவு தூரம் வந்தனீங்கள். விருந்தாளிக்கு முதல்ல ஓடக் குடுக்கிறதுதான் எங்கடை குழுவில முறை. ஏறுங்கோ, நீங்கள் ஓடுங்கோ.”

“நெஜமாவா மேடம்?”

“அக்கா எண்டு சொல்லுங்கோ. முதல்ல கூரையைத் திறப்பம். அந்தப் பக்கத்தைப் பிடியுங்கோ… அப்பிடியில்லை, மெல்ல.”

மகேசன் வாசலில் நின்றான். அவனுடைய கார், இல்லை, அந்தக் கார், முன்பின் தெரியாத ஒரு பையனின் கையில் ரிவர்ஸ் எடுத்தது. மூலையில் திரும்பியது. கொஞ்ச நேரம் எஞ்சின் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. போன் அடித்தது. நவின்.

“என்னா அண்ணே, காடி போச்சா?”

“போகேல்லை.”

“அப்பாடா! தப்பிச்சிட்டீங்க லா!”

மகேசன் போனை வைத்தான். குசினியில் தேத்தண்ணி ஆறிக் கிடந்தது. எடுத்துக் குடித்தான். வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்தான். மப்புக் கட்டியது, ஐயோ கூரை திறந்திருக்கிறதே என்று பதறினான். பிறகு அவளுக்கு மூடத் தெரியும் என்பது நினைவு வந்து, வீட்டுப் படியில் உட்கார்ந்தான்.

அவர்கள் வந்தபோது கூரை ஒழுங்காக மூடியிருந்தது. மழை ஒரு பாட்டம் பெய்து ஓய்ந்திருந்தது. ராம்பிரசாத் இரண்டு பேருக்கும் கும்பிடு போட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி, தரையில் கால் படாமல் போனான். கம்சாயினி காரைக் கராஜுக்குள் விட்டு, எஞ்சினை நிறுத்தி, நிறுத்திய பிறகும் கொஞ்சம் உள்ளேயே இருந்துவிட்டு இறங்கினாள். முகம் சிவந்திருந்தது. சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டு ஸிப்பை இழுத்தாள்.

மகேசன் கிட்டப் போனான். வாழ்க்கையில் முதல்தடவையாக அந்தச் சொல்லைச் சொன்னான்.

“கம்சா… உம்மடை காரை ஒருக்கா நான் ஓடிப் பாக்கட்டோ?”

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள்.

“பாப்பம்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.